இரண்டாவது கருவி

முஃபீதா கள்ள ஆட்டம் ஆடினாள் என்று எழுதியிருந்த மின்னஞ்சலை நான் நான்கு தடவை வாசித்தேன். நான்காவது தடவையும் அதில் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோழியைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்திருந்தேன். தென்மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த இணையவழிச் சதுரங்கப் போட்டியின் அமைப்பாளர்கள் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் மூன்று வரி. ஏழாம் சுற்றில் வெளி உதவி பெற்றது கண்டறியப்பட்டுள்ளது. வீராங்கனை போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். அவருடைய கணக்கு முடக்கப்படுகிறது. கீழே நன்றி என்று வேறு போட்டிருந்தார்கள்.

அடுப்பில் எண்ணெய் புகைந்து கொண்டிருந்ததுகூட மூக்குக்கு எட்டவில்லை.

முஃபீதா என் அக்காள் ஷம்ஸியாவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. போன வாரம் முடிந்த அந்தப் போட்டியில் இருநூறு பேருக்கு நடுவில் இரண்டாவதாக வந்தவள். முதல் மூன்று இடங்களுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது, படிப்பு முழுவதும் இலவசம். அவள் வாப்பா ஹாஜா மச்சான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவருடைய கம்பெனி ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். இந்த இடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் அவர் போனிலேயே அழுதார். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மின்னஞ்சல் எனக்கு ஏன் வந்தது என்றால், அவளுடைய சதுரங்கக் கணக்கைத் திறந்து கொடுத்தவள் நான். எங்கள் இரண்டு வீட்டிலும் போன், டேப், ரீசார்ஜ், ஆதார் என்று எது வந்தாலும் அது என் தலையில்தான் வந்து விழும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மறைக்கவில்லை. ‘பத்தாயிரத்துக்குள்’ என்று ஒரு வலைப்பூ நடத்துகிறேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் என்ன போன் வாங்கலாம், எது வாங்கினால் ஆறு மாதத்தில் வேலை செய்யாமல் செங்கல்லாகிவிடும் என்று எழுதுவேன். கம்ப்யூட்டர் கிடையாது. மேலப்பாளையத்து வீட்டில் உட்கார்ந்து, போனிலேயே கட்டைவிரலால் தட்டி, போனிலேயே படம் எடுத்து, போனிலேயே பதிவு போடுகிறவள். நாலாயிரம் பேர் வாசிக்கிறார்கள். ‘நஸீமாக்கா சொன்னால் சரியாக இருக்கும்’ என்று எழுதுகிறவர்கள் அதில் நிறைய.

முஃபீதாவுக்கு டேப் தேர்ந்தெடுத்ததும் நான்தான். அதற்காக ஒரு மாதம் அலைந்தேன். அதுவரை அவள் அவளுடைய உம்மாவின் போனில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். சின்னத் திரையில் விரல் பக்கத்துக் கட்டத்தில் பட்டு, ஒரு தடவை ராணியைக் கொண்டுபோய்ச் சிப்பாயின் வாயில் வைத்துவிட்டு அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதன் பிறகுதான் நான் இறங்கினேன். சதுரங்கத்துக்குக் கேமரா வேண்டியதில்லை, திரை எட்டு அங்குலமாவது வேண்டும், தொட்டால் உடனே கேட்க வேண்டும், நடுவில் சூடாகி நிற்கக் கூடாது. வலைப்பூ எழுதுகிறவளுக்கு நேர்மாறு. திரை கைக்குள் அடங்க வேண்டும், கேமரா வேண்டும், தமிழ் விசைப்பலகை திக்காமல் ஓட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கருவி வாங்கிச் சிக்கனம் பண்ணலாம் என்று நினைக்கிறவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்கள் என்று அப்போது ஒரு பதிவுகூடப் போட்டேன். அது நிறையப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

ரயில் சந்திப்புப் பக்கம் பழைய போன் கடை வைத்திருக்கும் பெனோவிடம்தான் அந்த டேப்பை வாங்கினோம். உவரிக்காரப் பையன், நாணயமானவன். முதலில் அவன் கொடுத்த டேப்பில் வலது ஓரம் தொட்டால் கேட்கவில்லை. முஃபீதா கடையிலேயே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்து, “ஓரத்து யானை நகர மாட்டேங்கு அண்ணே” என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது டேப்பின் மூலையில் ஒரு கீறல் இருந்தது. மற்றபடி நன்றாக இருந்தது. ஆறாயிரத்து முந்நூறுக்கு முடித்தோம்.

அந்த டேப்பைக் கையில் வாங்கியதிலிருந்து இரண்டாவது இடம் வரைக்கும் அவள் எப்படி ஆடினாள் என்று எனக்குத் தெரியும். அவளா கள்ள ஆட்டம் ஆடுவாள்?

கோழியை இறக்கி வைத்துவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். போனேன் என்பது பெரிய வார்த்தை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான், பெண்கள் தெருவில் இறங்காமலே நாலு வீடு தாண்டிப் போய் வரலாம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யாரும் தட்டியதில்லை. உப்பு வேண்டுமென்றால் அவள் அடுப்படியில் போய் எடுத்துக்கொள்வேன், எடுத்ததைச் சொல்லக்கூட மாட்டேன். போனும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட், எங்கள் உம்மா அலிமா பீவியின் பெயரும் அவர் பிறந்த வருடமும். ஷார்ஜாவிலிருந்து ஹாஜா மச்சான் போட்டுக் கொடுத்தது. மறந்துபோனால் அங்கிருந்து கேட்டுச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று.

ஷம்ஸியா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மின்னஞ்சலைத் தமிழில் சொன்னேன்.

“கள்ள ஆட்டம்னா? எம்மவ களவாண்டாளாமா?”

“அப்படித்தான் லாத்தா எழுதிருக்கு.”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். “விளையாட்டுல என்னத்தட்டி களவாங்க முடியும்? காயத் தூக்கிட்டா ஓட முடியும்?”

அவளுக்கு விளக்கினேன். ஆடும்போதே வேறொரு போனில் கம்ப்யூட்டரிடம் கேட்டு, அது சொன்ன காயை நகர்த்தினால் அது களவு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளறையைப் பார்த்தாள். அங்கே முஃபீதா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கணக்கு முடக்கப்பட்டது என்ற செய்தி அவளுக்குத் திரையிலேயே வந்திருந்தது.

“நான் பாக்கல சாச்சி” என்றாள்.

அன்றைக்கு மதியத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. போட்டியின் பக்கத்திலேயே பெயரைப் போட்டு நீக்கப்பட்டார் என்று எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடக் குழுவில் யாரோ அதை எடுத்துப் போட, அதன் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. போன வாரம் அதே பிள்ளைகள் அதே குழுவில் கைதட்டியவர்கள்.

ஹாஜா மச்சான் கூப்பிட்டார்.

“எனக்கு இங்கன வேல ஓடல நஸீமா. அவகிட்ட வேற போன் எதும் இருக்கா? கூட்டாளிப் பிள்ளைய எதும் குடுத்து வச்சிருக்கா? நீ பைய கேட்டுப் பாரு. அவ உம்மா கேட்டா சண்டையாயிரும். ஒன்கிட்ட மறைக்க மாட்டா.”

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய், குரலைத் தாழ்த்தி, பெரிய பக்குவக்காரி மாதிரி, “முஃபீ, உண்மயச் சொல்லுட்டி. எதையாச்சும் பாத்தியா? சும்மா ஒரே ஒரு தடவ?”

அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள். “நீங்களுமா சாச்சி கேக்கீங்க” என்றாள். மீதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் வந்தால் எழுந்து உள்ளே போவாள்.

எனக்குக் கோபம் வந்தால் கட்டைவிரல் சும்மா இருக்காது. அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள், நேரம் என்ன, கருவி என்ன, எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வலைப்பூவிலும் ஒரு பதிவு போட்டேன். ‘இருநூறு பேரில் ஒரு மேலப்பாளையத்துப் பெண்பிள்ளை இரண்டாவது வந்தால் உங்கள் கணினிக்குப் பொறுக்கவில்லையா’ என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதி, அந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு, என் பெயரை வைத்துச் சொல்கிறேன் என்று முடித்திருந்தேன். இரண்டு நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்காக அமைப்பாளர்களைத் திட்டினார்கள். எனக்கு அது கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை பதில் வந்தது. பணிவாக எழுதியிருந்தார்கள். ஏழாம் சுற்று, முந்தின வாரத்துச் சனிக்கிழமை மாலை 4:15 முதல் 4:19 வரை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அதே கணக்கு இரண்டாவது கருவி ஒன்றில் திறக்கப்பட்டது. அந்தக் கருவியில் ஆட்டத்தின் நிலை கணினி ஆய்வுப் பக்கத்தில் பார்க்கப்பட்டது. எச்சரிக்கை காட்டப்பட்டும் ‘சரி’ என்று அழுத்தித் தொடர்ந்திருக்கிறார்கள். கடைசி வரியில் இரண்டாவது கருவியின் மாடல் நம்பர் இருந்தது. எழுத்தும் எண்ணுமாகப் பதினோரு இலக்கம்.

யாருக்கும் அது வெறும் எழுத்துக் குப்பை. ஷம்ஸியா பார்த்தால் ஒன்றும் புரியாது, ஹாஜா மச்சானுக்கும் புரியாது. எனக்குப் புரிந்தது. மாடல் நம்பர் என் தொழில். அந்த நம்பரை அதற்கு எட்டு நாள் முன்னால் நானே தட்டி என் பதிவின் தலைப்புக்குக் கீழே போட்டிருந்தேன்.

பெனோவிடம் மூன்று நாளைக்கு இரவல் வாங்கிய போன் அது. ஏழாயிரம் ரூபாய்ப் போன். எழுதவும் ஆடவும் ஏற்றதா என்று ஆராய்ந்து பதிவு போட்டேன்.

என் வலைப்பூவைத் திறந்தேன். விரல் இரண்டு தடவை வேறெதையோ அழுத்தியது. பதிவு வந்தது. நடுவில் படம். படத்தில் சதுரங்கப் பலகை, பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை, பலகையின் மேல் குதிரையிலிருந்து, அடுத்து ஆட வேண்டியதைக் காட்டும் ஒரு பச்சை அம்பு. கீழே நான் எழுதியிருந்தேன்: ‘பாருங்கள், கணினி ஆய்வுப் பக்கம்கூட இந்தப் போனில் திக்காமல் ஓடுகிறது.’ படத்தின் மேல் மூலையில் போனின் கடிகாரம். 4:17.

நான் செய்தது எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அந்தச் சனிக்கிழமை மாலை பதிவுக்கு நல்ல படம் ஒன்று வேண்டியிருந்தது. காலிப் பலகையைப் போட்டால் அழகாக இருக்காது, உண்மையான ஆட்டமாக இருந்தால் நன்றாக இருக்கும். முஃபீதாவின் பெயரைப் போட்டேன், பாஸ்வேர்டில் உம்மாவின் பெயரையும் வருடத்தையும் போட்டேன், உள்ளே போய்விட்டேன். பலகையில் காய்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் வண்ணமாக இருக்கட்டும் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். இங்கிலீஷில் ஒரு கட்டம் எழும்பியது. ‘சரி’ என்று தட்டினேன். எந்தக் கட்டம் வந்தாலும் வாசிக்காமல் ‘சரி’ தட்டாதீர்கள் என்று என் வலைப்பூவில் குறைந்தது ஐந்து தடவை எழுதியவள் நான். மூன்று படம் எடுத்தேன், வெளியே வந்தேன், மறந்தும் போனேன். குதிரை எப்படி நகரும் என்பதைத் தாண்டி எனக்குச் சதுரங்கம் தெரியாது. அடுப்படியில் உப்பு எடுத்துவிட்டு வந்தது மாதிரிதான் அது எனக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளிடம் போய்த்தான் நான் உண்மையைச் சொல்லுட்டி என்று கேட்டிருக்கிறேன்.

பர்தாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பெனோ கடைக்கு. அந்தப் போனை ஒருதரம் கையில் வாங்கிப் பார்த்தால் நம்பர் வேறாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. பக்கத்தில் இருந்த பெண், “மயக்கமா வருதாக்கா” என்று கேட்டு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தாள்.

“அந்த போன நேத்தே ஒரு அண்ணாச்சி வாங்கிட்டுப் போய்ட்டாருக்கா” என்றான் பெனோ. “எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் குடுத்தேன். ஏங்க்கா, எதும் விட்டுட்டியளா?”

அவனிடம் சொன்னேன். முதலில் சொன்னது அவனிடம்தான். அவன் கையில் இருந்த திருப்புளியை வைத்துவிட்டு, கடை வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்தான்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பம் எதுக்குக்கா போட்டு ஒலப்பிக்கிட்டு இருக்கிய. போன்ல ஒண்ணும் கெடையாது. அந்தப் படத்தத் தூக்கிருங்க, முடிஞ்சுட்டு. நாலாயிரம் பேரு ஒங்க பேச்ச நம்பி வாங்குதாங்க. எங்கடைக்கே ஒங்கள வச்சுதான் பாதிப் பேரு வாராங்க. நீங்களே இப்படின்னு தெரிஞ்சா என்னாவும்?”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பதிவைத் திறந்து, அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ‘நிச்சயமாக அழிக்க வேண்டுமா’ என்று ஒரு கட்டம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டத்தை முழுதாக வாசித்தேன். வேண்டாம் என்று தட்டினேன். அது ஒன்றும் பெரிய வீரம் இல்லை. துணியை மடித்துக்கொண்டே ‘நீங்களுமா’ என்று கேட்ட அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஷம்ஸியாவும் முஃபீதாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள்.

“இரி முஃபீ. அது நான்தான்” என்றேன்.

இரண்டு பேருக்கும் புரியவில்லை. போனை நீட்டினேன். எந்த இடத்தில் ஆரம்பித்தேன், எப்படிச் சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை. ஷம்ஸியாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்பது வருடத்தில் என் அக்காள் என்னை அப்படி, யாரோ ஒருத்தியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்ததில்லை.

முஃபீதா படத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பச்சை அம்பையே வெகுநேரம் பார்த்தாள்.

“குதிரய வெட்டக் குடுக்கணுமா” என்றாள். எங்களிடம் இல்லை, தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். “குதிரயக் குடுத்திருந்தா ஆறு நகர்த்தல்ல முடிஞ்சிருக்கும். நான் இதப் பாக்கவே இல்லயே.”

“நீ என்னத்த ஆடுன?”

“யானய நகத்துனேன். அதுக்கப்புறம் இழுத்து இழுத்து முக்கா மணி நேரம் ஆச்சு ஜெயிக்க.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “சாச்சி, கம்ப்யூட்டரு குதிரன்னு சொல்லுது. நான் குதிரய ஆடல.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. கம்ப்யூட்டர் பளிச்சென்று ஒரு வழி காட்டியிருக்க, அதை அறியாமல் வேறு காயை நகர்த்தியவள் எப்படிப் பார்த்து ஆடியவள் ஆவாள்? என்னைக் காட்டிக் கொடுக்கிற அதே படம்தான் அவளைக் காப்பாற்றும். அமைப்பாளர்களே இதைப் பார்த்திருக்கலாம். ஆனால் எந்த மனுசனும் உட்கார்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கருவி என்றதும் எந்திரம் கோடு போட்டுத் தள்ளிவிட்டது.

அவள் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. அப்புறம் போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

“நாலு நாளா நான் செத்துச் செத்துப் பொழச்சேன்” என்றாள். “நீங்க என்ட்ட வந்து பாத்தியான்னு கேட்டிய. எங்கணக்குக்குள்ள போகும்போது ஒரு வார்த்த கேட்டியளா?”

ஷம்ஸியா எழுந்து கை கழுவப் போனாள்.

அன்று மாலையே அமைப்பாளர்களுக்கு எழுதினேன். படம், நேரம், போன் யாருடையது, நான் என்ன செய்தேன், எல்லாம். அதையே வலைப்பூவிலும் போட்டேன். ‘கள்ள ஆட்டம் ஆடியது நான்’ என்று தலைப்பு. முந்தைய பதிவில் அமைப்பாளர்களைத் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். முதல் ஒரு மணி நேரம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். சிலர் நல்ல மனசு என்றார்கள். பலர் சொன்னதை இங்கே எழுத முடியாது. சொந்தப் பிள்ளையைக் காப்பாற்றக் கட்டிய கதை என்றும் சிலர் எழுதினார்கள். அதுதான் அதிகம் வலித்தது. நாலாயிரம் பேர் இப்போது இரண்டாயிரத்து எழுநூறு.

ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது. ஆட்டத்தை ஒரு நடுவர் உட்கார்ந்து முழுக்கப் பார்த்திருக்கிறார். செல்வி முஃபீதா கணினி உதவி பெறவில்லை என்று தெளிவாகிறது, அவருக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம், கணக்கு திறக்கப்படுகிறது. அதை வாசித்தபோது ஷம்ஸியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை. ஒருவருடைய கணக்கை ஆட்டம் நடக்கும்போது இன்னொருவர் திறப்பது விதி மீறல், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஏழாம் சுற்றின் புள்ளி கழிக்கப்படுகிறது. அந்தப் புள்ளி போனதும் இரண்டாவது இடம் ஒன்பதாவது இடம் ஆனது. கல்லூரி இடம் சங்கரன்கோவில் பக்கம் யாரோ ஒரு பையனுக்குப் போனது.

நான் நூறு முறை மன்னிப்புக் கேட்டேன். அவள் “சரி சாச்சி” என்றாள். அந்த ‘சரி’யும் நான் கட்டங்களில் தட்டுகிற ‘சரி’ மாதிரிதான் இருந்தது. பள்ளிக்கூடக் குழுவில் அவளுக்கு மறுபடியும் கைதட்டினார்கள். அவள் குழுவை விட்டே வெளியேறிவிட்டாள். ஹாஜா மச்சான் மட்டும், “பேரு திரும்புச்சுல்லா, அது போதும் நஸீமா” என்றார். அவர் குரலில் போதவில்லை என்று எனக்குக் கேட்டது. சென்னையில் இன்னொரு போட்டி வருகிறது என்று அவளே கண்டுபிடித்துப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்பதைக்கூட அக்காள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று சனிக்கிழமை. மாலையில் இடியாப்பம் அவித்தேன். அவளுக்குப் பிடிக்கும். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று ஒரு தட்டில் வைத்து, தேங்காய்ப்பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, வழக்கம்போல நடுக்கதவைத் தோளால் தள்ளினேன்.

திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன். மழைக்கு உப்பிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. புதுத் தாழ். பழையதாக இருந்தால் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்காது. திருமணமாகி இந்தப் பக்கத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதவு எனக்கு மூடியதே இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தேங்காய்ப்பால் கொஞ்சம் கையில் சிந்தியது.

அப்புறம் தட்டினேன். என் அக்காள் வீட்டுக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை. எப்படித் தட்ட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. மெதுவாக இரண்டு தட்டு.

“யாரு?” என்று முஃபீதாவின் குரல் கேட்டது.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கதவின் அந்தப் பக்கம் நான்தான் என்றால் யார் என்று இத்தனை நாள் எல்லோருக்கும் தெரியும்.

“நஸீமா” என்றேன்.

“ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு சாச்சி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “இன்னும் பத்து நிமிசம் ஆகும். நிக்கீங்களா?”

“நிக்கேன்” என்றேன். இடியாப்பம் ஆறிப்போகும் என்று தெரியும். தட்டை மூடி வைக்க ஒரு இலை எடுத்து வரலாமா என்று யோசித்தேன். நகர்ந்தால் அவள் திறக்கும்போது நான் இல்லாமல் போய்விடுவேன் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.